யாரும் தட்டவில்லை

5 பிப்ரவரி 2024, திங்கள்

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் இன்றும் இருபது நிமிடம் தாமதம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வியர்த்து விறுவிறுக்க நடந்து வந்து நின்றால் தண்டவாளம் காலியாகக் கிடக்கிறது. அப்பா முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அந்த மரியாதைக்காக மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் புது மின்தராசு வந்திருக்கிறது. என் பேக்கரி வகுப்பில் எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகள் என்று சொல்லிப் பழகிவிட்டது, எல்லாரும் பதினெட்டு தாண்டியவர்கள். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பை முடித்துவிட்டு, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டு வருடத்தில் ரொட்டி செய்யக் கற்றுக்கொடுத்து, அரசாங்கச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்து, எங்கேயாவது வேலையில் சேர்த்துவிட வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தஸ்லீமாவிடம் தராசில் தெரிவதைப் படிக்கச் சொன்னேன். "ரெண்டு, அஞ்சு, முட்டை" என்றாள். சரிதான். ஆனால் அது இருநூற்றைம்பது என்று அவளுக்குச் சேரவில்லை. ஐநூற்றிருபது வந்தாலும் அவளுக்கு அதேதான். மாவு பிசைவதில், தட்டுகளைத் தேய்ப்பதில், அடுப்புச் சூட்டுக்குப் பயப்படாமல் நிற்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எண் வந்தால் மட்டும் முகம் மூடிக்கொள்கிறது.

14 பிப்ரவரி, புதன்

விபூதி புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனேன். தஸ்லீமா ஈரத்துணியோடு வந்து, "டீச்சர், கரி ஒட்டியிருக்கு" என்று துடைத்துவிட்டாள். விட்டுவிட்டேன். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடை போடுவதற்கு அவளுக்கு ஒரு வழி பிடிபட்டுவிட்டது. அவள் கொட்டுவாள், நான் பக்கத்தில் நின்று தராசைப் பார்ப்பேன். அளவு வந்ததும் என் கல்யாண மோதிரத்தால் எஃகு மேசையில் டக் என்று ஒரு தட்டல். அந்த நொடியே கையை எடுத்துவிடுவாள். மற்ற ஏழு பேரையும்விட அவள் அளவுதான் இப்போது சுத்தம். இருபது வருட அனுபவம் சும்மாவா போகும்?

15 மார்ச், வெள்ளி

நோன்பு தொடங்கி நாலாவது நாள். தஸ்லீமா நோன்போடு நின்று இனிப்பு பன் செய்தாள். எதையும் ருசி பார்க்கவில்லை. வீட்டுக்கு ஆறு பன் எடுத்து வைத்துக்கொண்டாள், நோன்பு திறக்க.

அழைத்துப்போக அவள் அம்மா முத்து பீவி வந்திருந்தார். கிள்ளானில் அவர்களுக்குத் துணிக்கடை. வாசலிலேயே நிறுத்திப் பேசினார். "எங்களுக்குப் பொறகு இவள யாரு பாப்பா டீச்சர்? அண்ணன் பாப்பான்னு எல்லாரும் சொல்றாங்க. அவனுக்கு வர்றவ பாப்பாளா? சிஜில்னு ஒண்ணு கையில இருந்தா, நாலு பேரு மாதிரி இவளும் வேலைக்குப் போயிருவா லா." சான்றிதழுக்கு இங்கே எல்லார் வாயிலும் அந்த மலாய்ச் சொல்தான்.

வாங்கிக் கொடுத்துவிடலாம் அக்கா என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

22 ஏப்ரல், திங்கள்

சுங்கை வேயில் ஒரு ரொட்டித் தொழிற்சாலை எங்கள் மையத்திலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர் யுகேந்திரன் என்று ஒருவர். போனில் நறுக்கென்று பேசினார். சான்றிதழ் இருக்க வேண்டும், சொன்ன வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும், வேறு எதுவும் கேட்கமாட்டாராம். உடனே தஸ்லீமா பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மையத்தின் தலைவர் இராமலிங்கம் சார் சாயங்காலம் கூப்பிட்டார். "எட்டுக்கு எட்டு வேணும் சூசன். போன வருஷம் ஒருத்தன் தேறாம போனதுக்கே எத்தன கேள்வி கேட்டாங்க, தெரியும் இல்ல?"

தெரியும்.

6 மே, திங்கள்

மதிப்பீடு முடிந்தது. எட்டுப் பேரும் தேறினார்கள். தஸ்லீமாவும்தான். தலைவலி.

7 மே

தலைவலி இன்னும் போகவில்லை.

24 ஜூன், திங்கள்

சான்றிதழ்கள் வந்துவிட்டன. முத்து பீவி அக்கா ஒரு பெரிய கிண்ணம் நிறைய வட்டலாப்பம் கொண்டுவந்து, இராமலிங்கம் சாரிலிருந்து காவல்காரர் வரைக்கும் தன் கையாலேயே கொடுத்தார். சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டப்போகிறார்களாம். தஸ்லீமா தன் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தன் பெயரை அவள் நன்றாகப் படிப்பாள்.

1 ஜூலை, திங்கள்

முதல் நாள் வேலை. நீலத் தொப்பி, நீல அங்கி. இருவரும் வாசலில் படம் எடுத்துக்கொண்டோம். "நீங்க உள்ள வரமாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அங்கே ஆள் இருக்கிறார்கள்மா என்றேன்.

12 ஜூலை

யுகேந்திரனிடம் விசாரித்தேன். தட்டுகளுக்கு எண்ணெய் தடவுகிறாளாம். "பொண்ணு கெட்டிக்காரி டீச்சர். சொன்னத அப்படியே செய்யுது." சந்தோஷமாக இருந்தது. புருவத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று குடைந்துகொண்டும் இருந்தது.

23 ஜூலை, செவ்வாய்

பத்தரைக்குப் போன். உடனே வரச் சொன்னார் யுகேந்திரன். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு கிராப் டாக்சி பிடித்துப் போனேன்.

எடை போடுகிற ஆள் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. தஸ்லீமாவிடம் உப்புப் பையைக் கொடுத்து, நானூற்றைம்பது கிராம் என்று அட்டையையும் காட்டிவிட்டு அவர் போயிருக்கிறார். அவள் மூன்று கிலோ பையை முழுவதும் கொட்டியிருக்கிறாள். அது தீர்ந்ததும் இன்னொரு பையைப் பிரித்துக் கொட்டியிருக்கிறாள். யாரும் கவனிக்கவில்லை. மாவு எழும்பவே இல்லை என்றதும்தான் தெரிந்திருக்கிறது. காலையில் போட்ட மாவு மொத்தமும் குப்பைக்குப் போய்விட்டது. எல்லாரும் கூடி நின்று கத்தியிருக்கிறார்கள்.

சாமான் அறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை உப்பு.

"டீச்சர், சிஜில்ல இருந்துச்சு. தனியா எடை போடத் தெரியும்னு. அத நம்பித்தான் உட்டேன்" என்றார் யுகேந்திரன். அவர் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

நான் தரையில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துவிட்டேன். ஏன்மா நிறுத்தல என்று கேட்டேன்.

"யாரும் தட்டல டீச்சர்."

24 ஜூலை, புதன்

வேலைக்குப் போகவில்லை. இதைப் பகலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாரும் தட்டல. யாரும் தட்டல. வேறென்ன சொல்லுவா அவ? தராசப் பாக்கவா நான் சொல்லிக்கொடுத்தேன்? என் மோதிரத்தக் கேக்கத்தான சொல்லிக்கொடுத்தேன். மூணு மாசம். மூணு மாசமா அவளுக்குப் பக்கத்துல நின்னு, அவ கத்துக்கறான்னு நெனச்சு, நானே எடை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இதுல பெருமை வேற.

மே 6-ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று சின்ன வாக்கியம், அப்புறம் தலைவலி. அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன்.

மதிப்பிட வந்தவர் நடுவயது மலாய் அம்மா, நல்ல மனுஷி. பயிற்சி கொடுத்தவர் மேசைப் பக்கம் வரக்கூடாது என்பது விதி. நான் கதவோரம் நின்றேன். அங்கே இரும்பு அலமாரி இருக்கிறது. தஸ்லீமா உப்பைக் கொட்டத் தொடங்கினாள். அளவு நெருங்கியது. அவள் தராசைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மதிப்பிடுபவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் அலமாரியில் தட்டினேன். மெதுவாகத்தான். அவள் நிறுத்தினாள். அந்த அம்மா தலையை நிமிர்த்தி, தராசைப் பார்த்து, "பாகுஸ்" என்று பாராட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

கை தெரியாமல் பட்டுவிட்டது என்று எனக்கு நானே இரண்டரை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படவில்லை. தட்டினேன்.

அவள்மேல் இரக்கப்பட்டா செய்தேன்? கொஞ்சம் அதுவும் உண்டு. முத்து பீவி அக்கா முகமும் உண்டு. எட்டுக்கு எட்டு என்ற பெருமையும் உண்டு. எது முதலில் வந்தது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். தெரியவில்லை.

25 ஜூலை

என் வீட்டுக்காரர் கிரிகரியிடம் சொன்னேன். மே மாதம் அலமாரியில் தட்டியது வரை எல்லாவற்றையும். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார். "ஆபீஸ்ல சொல்லப் போறியா?"

"சொல்லணும்."

"உன் வேலை போகும்."

"போனா போகுது."

"அது சரி. அந்தப் பிள்ளையோட சிஜில்?"

இந்த மனுஷன் பேசுவதே அபூர்வம். பேசினால் இப்படி.

29 ஜூலை, திங்கள்

இராமலிங்கம் சாரிடம் சொல்லிவிட்டேன். மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "எல்லாரும்தான் சூசன் கொஞ்சம் கை குடுக்கறோம். நம்ம பிள்ளைங்களுக்கு நாம குடுக்காம யாரு குடுப்பா? யாராவது வந்து கேட்டாங்களா?"

அவள் கேட்டாளே சார், என்றேன். யாரும் தட்டவில்லை என்று சொன்னாளே.

மற்ற ஏழு பேரையும் சந்தேகப்படுவார்கள் என்றார். அதுதான் எனக்கும் பயம். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கு நானே கடிதம் போடுகிறேன், அதில் என் பெயரை மட்டும், அந்த ஒரு தட்டலை மட்டும் எழுதுகிறேன் என்றேன். அவர் முத்திரையை டிராயருக்குள் போட்டு மூடினார்.

5 ஆகஸ்ட், திங்கள்

கடிதம் போவதற்கு முன்னால் அவர்களிடம் நானே சொல்ல வேண்டும் என்று துணிக்கடைக்குப் போனேன். முத்து பீவி அக்கா, அவர் கணவர் ஜெய்னுலாபுதீன் அண்ணே, இருவரும் இருந்தார்கள். தஸ்லீமா உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு அனுப்பியதிலிருந்து வீட்டைவிட்டு இந்தக் கடைக்கு மட்டும்தான் வருகிறாளாம். கல்லாவுக்கு மேலே சான்றிதழ், தங்க நிறச் சட்டத்தில்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, ஆனால் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன்.

"நீங்க தட்டுனது தப்புன்னா அது உங்க தப்பு டீச்சர்" என்றார் அக்கா. "என் பிள்ளைக்கு எதுக்குத் தண்டன? அவ என்ன செஞ்சா? தட்டுனா நிறுத்துன்னு சொன்னீங்க, நிறுத்துனா. சொல்லுங்க, அவ என்ன செஞ்சா?"

கல்லாவுக்கு மேல தொங்குன சட்டத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஜெய்னுலாபுதீன் அண்ணே நாற்காலியைப் போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, கடையின் அளவு நாடாவைத் தோளில் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அப்புறம் துணி சுற்றுகிற காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். சட்டம் உங்களுடையது அண்ணே, தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

26 ஆகஸ்ட், திங்கள்

பதில் வந்தது. தஸ்லீமாவின் சான்றிதழ் ரத்து. அடுத்த வருடக் குழுவோடு மறுபடி மதிப்பீட்டுக்கு வரலாம். மற்ற ஏழு பேரையும் திரும்பச் சோதித்தார்கள், ஏழு பேரும் தாங்களாகவே செய்து காட்டினார்கள். நான் ஒரு வருடத்துக்கு மதிப்பீட்டுப் பக்கம் போகக்கூடாது. இராமலிங்கம் சார் என்னைச் சாமான் அறைப் பொறுப்பில் போட்டிருக்கிறார். வகுப்பில் உதவிக்கு மட்டும் நிற்கலாம். வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

29 ஆகஸ்ட், வியாழன்

யுகேந்திரனைப் பார்க்கப் போனேன். அவளை வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வரவில்லை, உங்கள் தராசில் ஒரு தடவை பழக விடுங்கள் என்றேன். மே மாதம் நடந்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப நான் அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துனது?" என்றார்.

அவர்களிடம் பொட்டலம் கட்டும் பகுதியில் விளக்குத் தராசு ஒன்று சும்மா கிடக்கிறதாம். வேண்டிய எடையை முதலிலேயே பதிந்து வைத்துவிட வேண்டும். குறைவாக இருந்தால் மஞ்சள், சரியானால் பச்சை, கூடினால் சிவப்பு. "சனிக்கெழம மத்தியானம் மெஷின் ஓடாது. கூட்டிட்டு வாங்க. ஆனா நீங்க உள்ள வரக்கூடாது டீச்சர். கண்ணாடிக்கு வெளியவே நில்லுங்க."

7 செப்டம்பர், சனி

ஜெய்னுலாபுதீன் அண்ணே வேனில் கொண்டுவந்து விட்டார். அக்கா வரவில்லை. தஸ்லீமா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மோதிரம் இல்லை. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தேன்.

"நீங்க தட்டுவீங்களா?"

"மாட்டேன்மா. பச்ச வெளக்கு எரியும். எரிஞ்சா நிறுத்திடணும்."

அழ ஆரம்பித்துவிட்டாள். யுகேந்திரன் காத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து அவளாகவே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொட்டினாள். மஞ்சள். பச்சை. அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தபடியே கொட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு எரிந்து வெகுநேரம் ஆன பிறகும் கொட்டினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பத்துத் தடவையும் அதேதான். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

14 செப்டம்பர்

அதேதான்.

21 செப்டம்பர், சனி

இன்று நான் தொழிற்சாலை வாசலில் காவல்காரர் கூண்டில் உட்கார்ந்துகொண்டேன். அவள் கண்ணில் நான் படவே கூடாது என்றார் யுகேந்திரன். இன்னொரு காரியமும் செய்தார். தராசில் எண் தெரிகிற இடத்தில் ஒரு துண்டு அட்டையை ஒட்டி மறைத்துவிட்டார். "எண்ணுதான அவளுக்குத் தொல்ல? எண்ணே வேணாம். வெளக்கு மட்டும் போதும்."

இவர் ஆசிரியர் இல்லை. ரொட்டி செய்கிற மனிதர். அந்த எண்களை அவள் தலைக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று நான் எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பேன். முடியாதபோது மோதிரத்தால் தட்டினேன். நடுவில் இப்படி ஒரு வழி இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தில் இரண்டு தடவை பச்சையில் நிறுத்தினாளாம்.

28 செப்டம்பர்

பத்தில் ஆறு.

12 அக்டோபர், சனி

பத்துக்குப் பத்து. யுகேந்திரன் கூண்டுக்கு வந்து சொன்னார். நம்பவில்லை நான். இன்னொரு பத்து செய்யச் சொல்லுங்கள் என்றேன். போய்விட்டு வந்தார். அதுவும் சரி.

21 அக்டோபர், திங்கள்

வேலை கொடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் சோதனைக்கு. சான்றிதழ் இல்லாததால் உதவியாளர் என்றுதான் போட்டிருக்கிறார்கள், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி. "சிஜில நம்பி ஒரு தடவ எடுத்தேன், இந்தத் தடவ கண்ணால பாத்து எடுக்கறேன்" என்றார் யுகேந்திரன். உப்பும் ஈஸ்டும் அவள் பொறுப்பு.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார். அப்புறம், "அந்தச் சட்டத்தத் திருப்பிக் குடுத்து விடுங்க டீச்சர், அடுத்த வருஷத்துக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

18 நவம்பர், திங்கள்

மையத்திலிருந்து சில தாள்களில் கையெழுத்து வாங்க சுங்கை வேக்குப் போக வேண்டியிருந்தது. இன்று சனிக்கிழமை இல்லை. எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. போகிற வழியில் சட்டத்தைத் துணிக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அண்ணே வாங்கிக்கொண்டார். அந்த ஆணி இன்னும் சுவரில் அப்படியே இருக்கிறது.

கண்ணாடிக்கு வெளியே நின்றேன். தஸ்லீமா என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பழைய பழக்கத்தில் என் கை பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. அவள் உப்பைக் கொட்டினாள். மஞ்சள். கொட்டினாள். பச்சை எரிந்ததும் பையை நிமிர்த்திவிட்டு, மடக்கிய விரலால் மேசையில் ஒரு தடவை தட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் கேட்கவில்லை. கிண்ணத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள். கொட்டினாள், பச்சை, மறுபடியும் அவளே தட்டினாள்.

அழுதேன். பக்கத்தில் நின்ற காவல்காரர் என்ன நினைத்தாரோ.

அப்புறம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள், நில்லுங்கள் என்று. இன்னும் நான்கு கிண்ணம் பாக்கி இருந்தது. நான் வெளியிலேயே காத்திருந்தேன்.